அண்ணாவின் காலை முதலில் பாருங்கள்

கேள்வி: ஐயா, எனக்கு வயது 49. ஒட்டுசுட்டான் பக்கம் இருக்கிறோம். ஆறு வருடத்துக்கு முன் நீரிழிவு என்றார்கள். அன்றிலிருந்து மெற்போமின் குளிசை எடுக்கிறேன். சென்ற வருடம் மூன்று மாதச் சராசரிச் சீனி 11.6 என்று வந்தது. பயந்துபோய்ச் சாப்பாட்டை இறுக்கினேன், மருந்தையும் கூட்டினார்கள். மூன்று மாதத்தில் 7.1 ஆகிவிட்டது. அதற்குப் பிறகுதான் இரண்டு பாதங்களும் இரவில் எரிகின்றன. போர்வை பட்டாலே தாங்க முடியவில்லை. மருந்துதான் நரம்பைக் கெடுக்கிறதா? என் அண்ணாவுக்கு வயது 61, நீரிழிவு வந்து பதினெட்டு வருடம். இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் மாதக்கணக்கில் மருந்தே இல்லாமல் இருந்தவர். பிரஷர் உண்டு, சுருட்டும் விடவில்லை. ஆனாலும் ஆறடி மனிதராய் வயலில் வெறுங்காலோடு நிற்கிறார். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கு நடந்தே போய்வந்தார். காலில் கொப்புளம் போட்டதை அண்ணிதான் கண்டு சொன்னார். அவருக்குத் தெரியவே இல்லை. நான் சைவம், கவனமாக இருக்கிறேன். எனக்கு மட்டும் ஏன் இப்படி? (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது.)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் நான்கு பக்கம். மூன்றரைப் பக்கம் உங்கள் பாதங்களைப் பற்றியது. மிச்ச அரைப் பக்கத்தில், ஒப்பிட்டுக் காட்டுவதற்காக, அண்ணாவைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த அரைப் பக்கத்தைத்தான். உங்கள் எரிவுக்குக் காரணம் தேடலாம், வைத்தியமும் இருக்கிறது, அதற்கு வருகிறேன். அண்ணாவின் கால் காத்திருக்கக்கூடாது. அவரிலிருந்து தொடங்குகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெயில் ஏறிய தார் வீதியில் நடந்து, தோல் வெந்து கொப்புளம் போட்டு, வீடு வந்து அண்ணி காட்டும்வரை அது அவருக்குத் தெரியவில்லை. ஊரில் இதை அம்மனின் அருள் என்று சொல்லியிருப்பார்கள். அந்த நம்பிக்கையைக் குறைத்துப் பேச மாட்டேன். என் வீட்டிலிருந்தும் வைகாசியில் வற்றாப்பளைக்குப் போகிறார்கள். ஆனால் பதினெட்டு வருட நீரிழிவுக்காரர் ஒருவருக்குச் சூடு தெரியவில்லை என்றால், நரம்பு உணர்வை இழந்துவிட்டதோ என்றுதான் ஒரு வைத்தியர் முதலில் அஞ்சவேண்டும். எரிகிற கால் உங்களைத் தூங்கவிடாமல் என்னிடம் கடிதம் எழுத வைத்தது. உணர்வு போன கால் யாரையும் எழுப்பாது. நீரிழிவால் கால் நரம்பு கெட்டவர்களில் பாதிப்பேர்வரை எந்த முறைப்பாடும் இல்லாமலே இருக்கிறார்கள். விரலையோ காலையோ எடுக்கவேண்டி வருகிற புண்கள் பெரும்பாலும் இப்படி அமைதியாக இருக்கிற பாதங்களில்தான் தொடங்குகின்றன.

பல வருடங்களுக்கு முன் கரையோரக் கிராமத்து மீனவர் ஒருவர், செருப்புக்குள் உடைந்த சிப்பித் துண்டோடு இரண்டு நாள் நடந்துவிட்டு வந்தார். செருப்பைக் கழற்றியபோது இரத்தத்தைக் கண்டு முதலில் திடுக்கிட்டவர் அவர்தான். "நோகவில்லையே, டொக்டர்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இரண்டு விரல்களை எடுக்கவேண்டி வந்தது. அதற்கு முந்திய கிளினிக் நாளில் அவரைப் பார்த்தவன் நான். சீனியையும் பிரஷரையும் கொப்பியில் எழுதி, மருந்தைப் புதுப்பித்து அனுப்பினேன். செருப்பைக் கழற்றச் சொல்லவில்லை. அன்று கூட்டம் அதிகம் என்பது அந்த விரல்களைத் திருப்பித் தராது. அதற்குப் பிறகு நீரிழிவோடு வருகிற எவரையும் பாதத்தைப் பார்க்காமல் நான் அனுப்புவதில்லை.

ஏன் காலில் தொடங்குகிறது என்று உங்கள் ஊர்க் கணக்கிலேயே சொல்கிறேன். முத்தையன்கட்டுக் குளத்திலிருந்து வாய்க்காலில் தண்ணீர் வருகிறது. வரத்துக் குறைந்தால் முதலில் காய்வது வாய்க்காலின் கடைசியில் கிடக்கும் வயல். முள்ளந்தண்டின் அடியிலிருந்து பெருவிரல் நுனிவரை ஓடும் நரம்பிழை ஏறத்தாழ ஒரு மீற்றர் நீளம். உடம்பிலேயே மிக நீளமானவை அவைதான். குருதியில் சீனி கூடிக்கொண்டே இருக்கும்போது நரம்புக் கலத்துக்குள் வேண்டாத பொருள்கள் தேங்குகின்றன. நரம்புக்கு உணவு கொண்டுபோகும் மயிரிழை போன்ற குருதிக் குழாய்களும் தடித்து அடைபடுகின்றன. இரண்டும் சேரும்போது கடைசி வயல் காய்கிறது. விரல் நுனியில் தொடங்கி, கணுக்கால், கெண்டைக்கால் என்று காலுறை போட்டதுபோல மேலே ஏறுகிறது. முழங்கால் அளவுக்கு வந்தபின் கைவிரல் நுனிகளிலும் தொடங்கும். உயரமானவர்களுக்கு இந்த ஆபத்துக் கூடுதல் என்று ஆய்வுகள் காட்டுவதும் இதனால்தான். அண்ணாவின் ஆறடியைப் பெருமையாக எழுதியிருந்தீர்கள். அந்த உயரத்துக்கு அவருடைய நரம்புகளும் நீளம்.

உயரம் சிறிய காரணம். பெரிய காரணங்கள் இரண்டு: எத்தனை வருடம் நீரிழிவு இருந்தது, அத்தனை வருடமும் சீனி எவ்வளவில் நின்றது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,441 பேரை வைத்து நடந்து 1993இல் முடிவு வெளியான பெரிய ஆய்வொன்றில், சீனியை நெருக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களுக்கு நரம்புப் பாதிப்பு ஏறத்தாழ 60 வீதம் குறைந்தது. அவர்கள் எல்லோரும் முதலாம் வகை நீரிழிவுக்காரர்கள், இன்சுலினில் வாழ்பவர்கள். ஆய்வு முடிந்து இரண்டு குழுக்களின் சீனியும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்ட பிறகும், முன்பு கட்டுப்பாடாக இருந்தவர்களின் நரம்புகள் பத்து வருடத்துக்கு மேலும் மற்றவர்களுடையதைவிட நன்றாகவே இருந்தன. பழைய சீனியின் கணக்கை உடம்பு நெடுநாள் வைத்திருக்கிறது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், "இடம்பெயர்ந்து திரிந்த காலம்" என்று ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். வன்னியில் எல்லோரும் அப்படித்தான் கடக்கிறோம். 2008இன் பிற்பகுதியிலிருந்து 2009 மே வரையும், பிறகு செட்டிகுளம் முகாம்களிலும், அதற்குப் பின் காணி துப்புரவாக்கிக் கொட்டில் போட்ட வருடங்களிலும் சீனியைப் பற்றி நினைக்க யாருக்கு நேரம் இருந்தது? மருந்தில்லாத சில மாதங்கள் மட்டும் அண்ணாவின் நரம்பைக் கெடுத்தன என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மாதங்களும் அவற்றைத் தொடர்ந்த ஒழுங்கற்ற வருடங்களும் சேர்ந்துதான் அவருடைய பதினெட்டு வருடம். அதில் அவருடைய குற்றம் ஏதுமில்லை. இருந்தாலும் கிளினிக்கில் வைத்தியரிடம் சொல்லவேண்டிய விபரம் அது. கொப்பி புதிதாக இருப்பதால் பலருடைய நோயும் புதிதாகத் தெரிகிறது. பழைய கொப்பிகள் எங்கே போயின என்று உங்களுக்கே தெரியும்.

இரண்டாம் வகை நீரிழிவு, அதாவது உங்களுக்கும் அண்ணாவுக்கும் இருப்பது, இன்னும் சிக்கலானது. இதில் சீனியைக் குறைப்பதால் மட்டும் நரம்பு அந்த அளவுக்குக் காப்பாற்றப்படுவதில்லை. பயன் உண்டு, ஆனால் குறைவு. பிரஷர், குருதிக் கொழுப்பு, வயிற்றைச் சுற்றிய பருமன், புகைத்தல் எல்லாம் நரம்புக்கு உணவு கொண்டுபோகும் அதே சிறு குழாய்களைத்தான் தாக்குகின்றன. கொழுப்பில் கொலஸ்ட்ரோலை மட்டும் பார்க்கக்கூடாது; ட்ரைகிளிசரைட் என்று ஒன்று இருக்கிறது, அதுவும் நரம்போடு தொடர்புடையது. ஐரோப்பாவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட முதலாம் வகை நீரிழிவுக்காரர்களை ஏழு வருடம் பின்தொடர்ந்து 2005இல் வெளியான ஆய்வும், சீனிக்கு அப்பால் இந்த நான்கையும்தான் சுட்டியது. அண்ணாவின் சுருட்டை "அவர் பழக்கம்" என்று விட்டுவிடாதீர்கள். அவருடைய வயதை நான் மாற்ற முடியாது, உயரத்தை மாற்ற முடியாது, 2009ஐ மாற்றவே முடியாது. சுருட்டை அவர் இன்றைக்கே கீழே வைக்கலாம். கள்ளோ கசிப்போ பழக்கம் இருந்தால் அதுவும் நரம்புக்கு நேரடி நஞ்சு. நீங்கள் எழுதவில்லை, கேட்டுப்பாருங்கள். சிறுநீரகம் பழுதடைந்தாலும் நரம்பு கெடும். வவுனியாப் பக்கம் நீரிழிவே இல்லாதவர்களுக்கும் சிறுநீரக நோய் வருகிற நிலம் நம்முடையது. எனவே கிரியற்றினின் பரிசோதனையையும் சிறுநீரில் புரதம் போகிறதா என்ற பரிசோதனையையும் வருடத்துக்கு ஒருமுறையாவது செய்யவேண்டும்.

இப்போது ஒரு வேலை தருகிறேன். இந்தப் பத்தியை வாசித்து முடித்ததும் அண்ணா வீட்டுக்குப் போங்கள். அவரைப் பாயில் காலை நீட்டிப் படுக்கச் சொல்லுங்கள். செருப்பும் உறையும் இல்லாத கால், கண் மூடியிருக்கவேண்டும். உங்கள் சுட்டுவிரல் நுனியால் அவருடைய பெருவிரல் நுனியை மெல்லத் தொடுங்கள். குழந்தையின் கன்னத்தைத் தொடுவதுபோல ஒன்றிரண்டு வினாடி போதும். அழுத்தவோ தட்டவோ தடவவோ கூடாது. தொட்டது தெரிந்தால் வலமா இடமா என்று அவர் சொல்லட்டும். வலக்காலில் பெருவிரல், சின்னவிரல். இடக்காலில் பெருவிரல், சின்னவிரல். பிறகு இரண்டு காலிலும் நடுவிரல். மொத்தம் ஆறு. ஒன்று தெரியவில்லை என்றால் அதையே இரண்டாம் முறை தொட்டுப் பார்க்காதீர்கள். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாமல் போனால் அந்தப் பாதத்துக்குக் காவல் உணர்வு குறைந்துவிட்டது என்று கொள்ளவேண்டும். இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகரத்து வைத்தியசாலையில் உருவான முறை இது. கருவி எதுவும் தேவையில்லை. கிளினிக்கில் இதையே நைலோன் இழையாலும், அதிரும் இசைக்கவராலும் இன்னும் நுணுக்கமாகப் பார்ப்பார்கள். இரண்டாம் வகை நீரிழிவுக்காரர் எல்லோருக்கும் நோய் தெரிந்த நாளிலிருந்தே வருடத்துக்கு ஒருமுறை இதைப் பார்க்கவேண்டும். அண்ணாவுக்குப் பதினெட்டு முறை நடந்திருக்கவேண்டிய பரிசோதனை. ஒருமுறையாவது நடந்ததா என்று கேளுங்கள்.

ஆறும் தெரிந்துவிட்டது என்று வந்தாலும், கொப்புளம் போட்டுத் தெரியாமல் இருந்தது என்ற செய்தியோடு அவர் வைத்தியரிடம் போகத்தான் வேண்டும். சூட்டைச் சொல்லும் நரம்பு வேறு, தொடுகையைச் சொல்லும் நரம்பு வேறு. ஒன்று முதலில் போகலாம்.

வயலில் வெறுங்கால் வேண்டாம் என்று எழுதுவது எனக்குச் சுலபம். காலபோகத்தில் உழுத சேற்றுக்குள் பூட்ஸ் போட்டுக்கொண்டு இறங்க முடியாது என்பது எனக்குத் தெரியும். சேறு பூட்ஸைப் பிடித்துக்கொள்ளும், மனிதர் விழுவார். எனவே சேற்று வேலையை மகனோ கூலிக்காரரோ செய்யட்டும், அண்ணா வரம்பு வேலையைப் பூட்ஸோடு செய்யட்டும். இறங்கித்தான் ஆகவேண்டிய நாளில், ஏறியவுடன் கழுவி, விரலிடுக்குவரை ஈரம் ஒற்றி, அண்ணி ஒருமுறை உள்ளங்காலைப் பார்க்கட்டும். 61 வயதில் தன் உள்ளங்காலைத் தானே குனிந்து பார்ப்பது பலருக்குச் சிரமம். ஒரு முகக்கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம். வீட்டுக்குள்ளும் செருப்பு வேண்டும். காலை நுழைக்குமுன் செருப்பைத் தட்டி, உள்ளே கையை விட்டுப் பார்க்கவேண்டும். அந்த மீனவரின் சிப்பித் துண்டு அங்கேதான் இருந்தது.

நம் வீடுகளில் மனமிரங்கிச் செய்யும் ஒரு காரியம்தான் எனக்கு மிகப் பெரிய பயம். கால் விறைக்கிறது என்றதும் சுடுதண்ணீரில் காலை வைப்பார்கள், ஒத்தணம் கொடுப்பார்கள், எண்ணெயைக் காய்ச்சித் தேய்ப்பார்கள். விறைத்த கால் சூட்டை அறியாது. தோல் உரிந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், அவர்களை அப்படியாக்கியது பாசம். இந்தப் பழக்கத்தை உங்கள் இரண்டு வீட்டிலும் இன்றோடு நிறுத்துங்கள். உங்களுக்கும் சொல்கிறேன், எரிவு தாங்காமல் ஐஸ் வைப்பதும் அதே ஆபத்துத்தான். கால் ஆணியை பிளேட்டால் சீவுவதும் கூடாது.

கோயிலுக்குப் போகட்டும். அதிகாலையில், நிலம் சுடுமுன் போகட்டும். தடித்த பருத்தி உறை போட்டுக்கொள்வதைப் பற்றி ஐயரிடம் கதைத்துப்பாருங்கள். நான் அறிந்த ஐயர்மார் நோயாளியிடம் மறுத்ததில்லை. நீண்ட நடையையும் தீமிதிப்பையும் உணர்வு குறைந்த காலோடு செய்யவே கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திருக்கவேண்டாம்: ஆறாத புண், சிவப்பு, வீக்கம், நாற்றம், கறுத்த விரல், காய்ச்சல். ஒரு பாதம் மட்டும் மற்றதைவிடச் சூடாக வீங்கி, நோவு இல்லாமலோ சிறிய நோவோடோ இருந்தால் உள்ளே எலும்பு நொருங்கிக்கொண்டிருக்கலாம். அந்தக் காலை ஊன்றாமல் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். உள்ளுறுப்பு நரம்புகளும் கெடும். எழும்பும்போது தலைசுற்று, சிறுநீர் முழுதாகப் போகாமை, கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு நிரம்புதல், ஆண்களுக்குத் தாம்பத்தியக் குறை ஆகியவற்றை வெட்கப்படாமல் சொல்லவேண்டும். மாரடைப்புக்கூட இவர்களுக்கு நெஞ்சுவலி இல்லாமல் வரக்கூடும். அண்ணாவுக்குத் திடீரென மூச்சு வாங்கி உடம்பு வியர்த்தால் வாயு என்று இருக்கவேண்டாம், 1990ஐ அழையுங்கள். அந்த அம்புலன்ஸுக்குப் பணம் இல்லை.

இனி உங்களுக்கு. உங்கள் கேள்வி நல்ல கேள்வி, ஏனென்றால் சீனி குறைந்த பிறகுதான் எரிவு தொடங்கியது என்பதை நீங்கள் கவனித்திருக்கிறீர்கள். 11.6 இலிருந்து 7.1, மூன்று மாதத்தில். நெடுநாள் உயர்ந்திருந்த மூன்று மாதச் சராசரி, மூன்று மாதத்துக்குள் 2 புள்ளிக்கு மேல் இறங்கினால் சிலருக்குச் சில வாரங்களில் கடுமையான எரிவு வருவதுண்டு. இன்சுலினால் இறக்கினாலும் வரும், குளிசையால் இறக்கினாலும் வரும், சாப்பாட்டால் மட்டும் இறக்கினாலும் வரும். ஆகவே இதற்குக் காரணம் மருந்து என்று சொல்ல முடியாது, இறங்கிய வேகம்தான். உங்களுக்கு இருப்பது இதுவாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அப்படியானால், சீனி இனி நிதானமாக இதே அளவில் நிற்கும்போது பல மாதங்களில் எரிவு தணிவதே வழக்கம். பயத்தில் மருந்தை நிறுத்திச் சீனியை மறுபடி ஏற்றிவிடாதீர்கள். இப்படி வேகமாக இறங்கியவர்களுக்குக் கண்ணின் விழித்திரையும் சில வேளை பாதிக்கப்படும். எனவே கண் பரிசோதனையை இந்த மாதமே செய்யச் சொல்லி வைத்தியரிடம் கேளுங்கள்.

இரண்டாவதாக, விற்றமின் பி12. மெற்போமினைப் பல வருடம் எடுப்பவர்களுக்கு இது குறையும். பி12 இயற்கையாகக் கிடைப்பது மீன், இறைச்சி, முட்டை, பால் ஆகியவற்றில்தான். கீரையிலும் பருப்பிலும் இல்லை. நீங்கள் சைவம், ஆறு வருட மெற்போமின், சென்ற வருடம் சாப்பாட்டையும் இறுக்கியவர். பாலும் தயிரும் எடுக்கிறீர்களா என்று எழுதவில்லை. பி12 குறைந்தாலும் கால் இதேபோல எரியும், விறைக்கும். நீரிழிவுக்காரரிடம் இரண்டையும் பிரித்தறிவது கடினம். குருதியில் அளந்து பார்க்கலாம். குறைந்திருந்தால் ஊசியோ குளிசையோ கொடுத்தால் சரிக்கட்டிவிடலாம், மெற்போமினை விடவேண்டியதில்லை. ஆனால் நீங்களாகவே கடையில் "நரம்புச் சத்து" என்று வாங்கி மாதக்கணக்கில் விழுங்காதீர்கள். அவற்றில் சிலவற்றில் இருக்கும் பி6 அளவுக்கு மிஞ்சி நெடுநாள் போனால் அதுவே நரம்பைக் கெடுக்கும்.

ஆறு வருடம்தானே என்று நீங்கள் நினைக்கலாம். இரண்டாம் வகை நீரிழிவு கண்டுபிடிக்கப்படுவதற்கு வருடங்கள் முன்பே உடம்பில் இருந்திருக்கக்கூடும். எனவே உங்கள் ஆறு, ஒன்பதாகவோ பத்தாகவோ இருக்கலாம். தைரொயிட் குறைபாட்டையும் பார்த்துவிடுவது நல்லது. எரிவு ஒரு காலில் மட்டும் இருந்தாலோ, இடுப்பிலிருந்து இறங்கினாலோ அது முள்ளந்தண்டுப் பிரச்சினையாக இருக்கலாம். தோலில் நிறம் மங்கிய, தொட்டால் உணர்வில்லாத தேமல் எங்காவது இருந்தால் மறைக்காமல் காட்டுங்கள்; தொழுநோய் இன்னும் நம் நாட்டில் இருக்கிறது, முற்றாகக் குணமாக்கும் மருந்தும் இலவசமாக இருக்கிறது.

எரிவைப் பொறுத்துக்கொண்டிருக்கவேண்டியதில்லை. பரசிற்றமோல் இதற்கு அவ்வளவாக உதவாது. டைக்ளோபெனாக் போன்ற நோக் குளிசைகள் சிறுநீரகத்துக்குக் கெடுதல். அமிற்றிப்டிலின், கபாபென்டின், பிரிகபலின் போன்றவை நரம்பு எரிவுக்கென்றே கொடுக்கப்படுகின்றன. அமிற்றிப்டிலினைக் கொடுத்தால் "இது மனநோய்க் குளிசை" என்று யாராவது சொல்லக்கூடும். மனச்சோர்வுக்கும் அது பயன்படும்தான்; நரம்பு எரிவுக்குச் சிறிய அளவில், இரவில் கொடுப்போம். அந்தப் பேச்சைக் கேட்டு நல்ல மருந்தை எறிந்துவிட்டு அழுதபடி திரும்பி வந்தவர்கள் உண்டு. ஒன்று மட்டும்: உங்களுக்குத் தந்ததை அண்ணாவுக்குக் கொடுத்துப் பார்க்காதீர்கள். இதய நோயும் சிறுநீர்த் தடையும் உள்ளவர்களுக்கு அது பொருந்தாது.

அடுத்த கிளினிக் நாளில் அண்ணாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். கதிரையில் உட்கார்ந்ததும், கேட்கக் காத்திராமல், இரண்டு பேரும் செருப்பைக் கழற்றிவிடுங்கள். "பொங்கலுக்கு நடந்தபோது கொப்புளம் போட்டது தெரியவில்லை" என்ற வார்த்தையை அவர் வாயால் சொல்லட்டும். மறுத்தால் அண்ணி சொல்லட்டும். ஆறு விரலில் எத்தனை தெரிந்தது என்பதை ஒரு துண்டில் எழுதி கொப்பிக்குள் வையுங்கள். அந்த எண்ணை எனக்கும் எழுதுங்கள், காத்திருப்பேன்.